பதினேழு டிகிரியில் பரிமாறவும்

“இன்னிக்கு உங்க வீட்ல என்ன சமையல்?”

பாட்டில் அர்லெட்டின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் அது முன்னால் வராது. பதில் சொல்லாமல் காசை மட்டும் மேஜைமேல் வைத்தவர்கள், வைத்த காசை எடுத்துக்கொண்டு வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்கள். பெய்ரினாக் கூட்டுறவுச் சங்கத்தின் ஒயின் கடையில் இருபத்தாறு வருடமாக நிற்கிறாள். கோர்பியேர் மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிற இந்த முந்நூறு வீட்டு ஊரில் அவளுக்குத் தெரியாத அடுப்பு கிடையாது.

“ஆட்டுக்கறி வாட்டப் போறேன் மதாம்.”

“எதுல? கேஸ்லயா, திராட்சைக் கொடி விறகுலயா?”

“கேஸ்லதான்…”

“அப்ப ரெண்டு குச்சி ரோஸ்மேரி கிள்ளிப் போடு. இல்லேன்னா இவன் உன்கிட்ட முகம் கொடுத்துப் பேசமாட்டான்.”

‘இவன்’ என்பது ஒயின். கரிஞ்யான் என்கிற கறுப்புத் திராட்சையிலிருந்து ஊரில் இறக்குகிற சிவப்பு ஒயினை, வீட்டோடு இருக்கிற ஒரு முரட்டுத் தம்பியைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் அவள் பேசுவாள். “இவனுக்கு முன்கோபம் ஜாஸ்தி. வெறும் வயித்தோட வந்தவங்களைக் கடிச்சு வெச்சிடுவான். கொழுப்பைக் கண்டா மட்டும் குழைஞ்சிடுவான்.” அவள் சொல்வது நியாயம்தான். முதல் வாய்க்குத் துவர்ப்பு வந்து நாக்கை இழுத்துப் பிடிக்கும். அப்புறம் கறுப்புச் செர்ரி. அப்புறம் ஆகஸ்ட் வெயிலில் காய்ந்த தைம் புதரை மிதித்தால் எழும்புமே, அந்த வாசனை. எல்லாம் அடங்கின பிறகு தொண்டையில் கொஞ்சம் புகை. கூடவே ஒரு துண்டு வாத்துக் கொழுப்போ ஆட்டின் விலாக் கொழுப்போ உள்ளே போய்விட்டால் அத்தனை முரட்டுத்தனமும் இருந்த இடம் தெரியாமல் போய்விடும்.

பாரிஸிலிருந்து வந்த ஒரு தம்பதி சால்மன் மீனுக்கு என்று கேட்டுவிட்டார்கள். “சால்மனா? ஐயோ பாவம், அது என்ன தப்பு பண்ணுச்சு?” என்று கேட்டு, அவர்களைப் பக்கத்து ஊருக்கு வெளிர்சிவப்பு ஒயின் வாங்க அனுப்பிவைத்தாள். மீன் என்றாலே ஆகாது என்பதில்லை. கணவாயை இதே ஒயினில் மூழ்கவைத்து வேகவைப்பவர்களுக்குத் தாராளமாகத் தருவாள். மேயர் ஒரு கிறிஸ்துமஸுக்கு சிப்பியோடு குடிக்கக் கேட்டபோதும் இதே கதைதான். “சிப்பிக்கு இவனைக் கொடுத்தா ரெண்டு பேரும் சேந்துக்கிட்டு உங்களைத் திட்டுவாங்க. வேலையை விட்டு வேணா என்னை அனுப்புங்க.” மேயர் வாத்து வாங்கிக்கொண்டு மறுபடியும் வந்தார்.

“சும்மா குடிக்கத்தான்” என்பவர்களிடம்தான் அவளுக்கு நிஜமான கோபம் வரும். ஆனால் அவர்களைத் திருப்பி அனுப்பமாட்டாள். மேஜைக்குக் கீழே ஒரு பலகை, ஒரு கத்தி, காயவைத்த பன்றித் தொத்திறைச்சி ஒரு முழம் எப்போதும் இருக்கும். நான்கு வில்லை வெட்டிக் காகிதத்தில் சுற்றி பாட்டிலோடு கொடுப்பாள். “இதையாவது மெல்லு. மனுஷன்தானே நீ!”

ஆகஸ்டிலும் கம்பளிச் சால்வை போர்த்தியிருப்பாள். ஒயின் தொட்டிகளின் குளிர் எலும்புக்குள் போய்விட்டது என்பாள். காலை பதினோரு மணிக்குத் தொட்டியின் குழாயைத் திறந்து ஒரு வாய் பிடித்து, வாசல் கதவைத் தள்ளி, படிக்கு இடதுபுறம் உள்ள ஒரே கல்லின்மேல் துப்புவாள். இருபத்தாறு வருடத்தில் அந்தக் கல் ஊதாவாகிவிட்டது. சுற்றுலா வருகிறவர்கள் அதைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள், அபூர்வப் பாறை என்று நினைத்து.

மற்ற கடைகளில் பாட்டில்கள் முகத்தைக் காட்டி நிற்கும். அர்லெட்டின் அலமாரியில் எல்லாம் முதுகைக் காட்டி நிற்கும். காரணம், முதுகில் ஒட்டியிருக்கிற லேபிள். ஒயினின் குணத்தையும் அதோடு என்ன சாப்பிடலாம், எத்தனை டிகிரியில் பரிமாறலாம் என்பதையும் அதில் எழுதுகிறவள் அவள்தான். மேனேஜர் ஒரு வருடம் பட்டணத்து ஆள் ஒருவரை வைத்து எழுதவைத்தார். ‘எல்லா உணவுகளுக்கும் ஏற்றது’ என்று அவர் எழுதிக் கொடுத்தார். அர்லெட் மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. அதிலிருந்து அந்த வேலை அவளுடையது. தான் சாப்பிட்டுப் பார்க்காத ஒரு பதார்த்தத்தை லேபிளில் ஏற்றமாட்டாள்.

பன்னிரண்டு மணிக்கு மாதா கோயில் மணி அடித்ததும் கதவைப் பாதி சாத்திவிட்டு, கவிழ்த்த மரப்பெட்டிமேல் உட்காருவாள். ரொட்டி, சீஸ், அரை டம்ளர் சிவப்பு. வெளியே வெயில் வெள்ளையாக நிற்கும். மலையிலிருந்து இறங்குகிற செர்ஸ் காற்று சந்துகளில் எதையோ தேடிக்கொண்டு போகும். கண்கள் தாமாகச் சொருகும். அப்போது அவள் ஊருக்குள் கிளம்பிவிடுவாள், உட்கார்ந்த இடத்திலிருந்தே. தபால்காரர் வீட்டுக்குள் போய் மூடியைத் தூக்கிப் பார்ப்பாள்; வெள்ளை பீன்ஸும் வாத்துக்காலும் மேலே பொன்னிறமாக ஏடு கட்டிக்கொண்டிருக்கும். பள்ளிக்கூட வாத்தியார் வீட்டில் காட்டுப்பன்றி இரண்டாம் நாளாக ஊறிக்கொண்டிருக்கும். கொல்லர் வீட்டுத் தோட்டத்தில் கொடி விறகின் தணலில் நத்தைகள் நுரை கட்டிச் சீறும். எங்கும் உட்காரமாட்டாள். மூடியைத் தூக்கி, முகர்ந்து, தலையை ஆட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிடுவாள்.

உட்காருவது ஒரே வீட்டில்தான். கோயிலுக்குப் பின்னால், நீலக் கதவு போட்ட வீடு. அவளுடைய அக்கா மாரீஸின் வீடு. அங்கே ஜன்னலோர நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அக்கா பரிமாற, கடைசிவரை சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பாள். கண் விழித்தால் மரப்பெட்டி. நிஜக் கால்களால் அந்த வாசலை மிதித்துப் பதினோரு வருடம் ஆகிறது.

சண்டை திராட்சைத் தோட்டத்தால் வந்தது. அப்பா விட்டுப்போன சரிவில், அவரைவிட மூத்த கரிஞ்யான் கொடிகள். நடுவில் கல்வரிசை வைத்து இரண்டு மகள்களும் பாதிப் பாதி எடுத்துக்கொண்டார்கள். ஒயின் அதிகமாகிப் போயிற்று என்று, கொடிகளைப் பிடுங்குகிறவர்களுக்கு அரசாங்கம் மானியம் கொடுத்த காலம் அது. மாரீஸின் புருஷன் கிலெமுக்கு முதுகு போய்விட்டது. குனிந்து ஒரு கொடி கவாத்து செய்ய முடியாது. மாரீஸ் கையெழுத்துப் போட்டாள். ஒரு பிப்ரவரிக் காலையில் இயந்திரம் வந்து பாதிச் சரிவை மொட்டையடித்தது. அர்லெட் தன் பாதியில், கல்வரிசைமேல் நின்றுகொண்டு எல்லாவற்றையும் பார்த்தாள். முடிந்ததும் அக்காவைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: “அப்பாவை ரெண்டாவது தடவையும் பொதைச்சிட்டே.”

அவ்வளவுதான். நெல்லைக் கொட்டினால் அள்ளிவிடலாம்.

ஊரும் அதற்கேற்ப நடந்துகொண்டது. ரொட்டிக் கடையில் ஒருத்தி நின்றால் மற்றவளுக்குச் சாடை காட்டுவார்கள். கோயிலில் ஆளுக்கொரு பக்கம். முக்கியமாக, ஒருத்தியின் பெயரை இன்னொருத்தி காதில் போடக்கூடாது. இது யாரும் போட்ட சட்டமில்லை. ஆனால் பதினோரு வருடமாக ஒருவரும் மீறவில்லை.

ஒரே விதிவிலக்கு வெள்ளிக்கிழமை பதினோரு மணி. கிலெம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்பான். அவனுக்கும் அதே கேள்விதான். ஆனால் அவனிடம் கேட்கும்போது அர்லெட்டின் குரல் ஒரு படி இறங்கும்.

“என்ன சமையல் அத்தான்?”

“பீன்ஸும் வாத்தும்தான். வழக்கம்போல அவ பூண்டைக் கருக விட்டுட்டா, வேணும்னே. அதுதான் ருசின்னு சாதிக்கறா.”

இது போதும். கருகின பூண்டின் வாசனை அர்லெட்டுக்கு ஒரு வாரம் வரும். அடுத்த வெள்ளி, ரத்தத் தொத்திறைச்சியும் ஆப்பிளும். அதற்கடுத்த வெள்ளி, உப்பு கூடிப்போன ஆட்டுக்கறி. ‘உப்பு கூடிப்போச்சா? அப்ப என்னமோ மனசு சரியில்லை அவளுக்கு’ என்று அர்லெட் நாலு நாள் தூங்கமாட்டாள். அக்காவைப் பற்றிய சேதி எல்லாம் அவளுக்கு இப்படித்தான் வந்தது. பதிலுக்கு அவள் கொடுத்துவிடுவது ஒரு பாட்டில். தன் பாதிச் சரிவின் பழம் விழுந்த தொட்டியிலிருந்து மட்டும்.

போன நவம்பரிலிருந்து அத்தானின் பதில்கள் மாறின.

“தைம் சேர்த்த ஆட்டுத் தோள்கறி” என்றான் ஒரு வாரம். “காட்டுப்பன்றிக் குழம்பு” என்றான் மறுவாரம். “நன்கு முற்றிய செம்மறிப்பால் சீஸ்.” கண்ணாடி வேறு போட ஆரம்பித்திருந்தான். வயசாகிறது பாவம் என்று நினைத்துக்கொண்டாள். குறை ஒன்றும் சொல்வதில்லை; கருகலும் இல்லை, உப்புக்கரிப்பும் இல்லை.

அர்லெட்டுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. புரிந்ததும் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். அக்கா தன்னுடைய லேபிளைப் படித்துச் சமைக்கிறாள்! தான் எழுதின பதார்த்தங்களை, எழுதின வரிசையிலேயே, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும். பேசமாட்டாளாம், வீம்பு! ஆனால் சமைத்துக் காட்டுகிறாள். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

அந்தக் குளிர்காலம் முழுவதும் அர்லெட் தரையில் நடக்கவில்லை. மதியத் தூக்கத்தில் நீலக் கதவு தானாகத் திறந்தது. அக்கா தோள்கறியை வெட்டி அவள் தட்டில் வைத்தாள். ஜன்னலில் மூடுபனி, மேஜைவிரிப்பில் அம்மா தைத்த அதே சிவப்பு ஓரம். கடையில் வாடிக்கையாளர்களுக்கே ஆச்சரியம். வாத்தியார் ஒருநாள் வெறும் முட்டை பொரியலுக்குக் கேட்டபோதுகூட, “போகட்டும், கொண்டு போ. கொஞ்சம் பன்றிக் கொழுப்பு மட்டும் போட்டுக்கோ” என்று கொடுத்தனுப்பினாள்.

வசந்தத்தில் புது ஒயினைப் பாட்டிலில் அடைக்கும் நேரம் வந்தது. புது லேபிள் எழுத வேண்டும். அக்காவுக்குப் பதில் சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஏது? ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினாள். ஆடு, பன்றி, சீஸ் மூன்றையும் எடுத்துவிட்டாள். அந்த இடத்தில் ஒரே பதார்த்தம்: ஆரஞ்சுத் தோல் போட்டு ஆறு மணி நேரம் வேகவைத்த மாட்டுக்கறிக் குழம்பு. அம்மாவின் குழம்பு. அந்தக் கைப்பக்குவம் மாரீஸுக்குத்தான் வந்தது; அர்லெட் வைத்தால் தோல் கசக்கும். படிக்கிறவள் புரிந்துகொள்வாள், இது சமையல் குறிப்பு இல்லை, ‘என்னைக் கூப்பிடு’ என்று அர்த்தம்.

ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை லேபிள்கள் அச்சாகி வந்தன. மறுநாள் காலை முதல் பாட்டிலை அலமாரியில் முதுகு காட்டி வைத்தாள், தன் தோளுக்கு நேர் பின்னால். பதினோரு மணிக்குக் கிலெம் வந்தான். பாட்டில் வீட்டுக்குப் போய், அக்கா படித்து, அடுத்த வெள்ளிக்கிழமை அல்லவா பதில் வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

“என்ன சமையல் அத்தான்?”

கிலெம் கண்ணாடியை மேலே தள்ளினான். அவன் பார்வை அவள் முகத்தில் இல்லை. தோளைத் தாண்டிப் போயிற்று. உதடு மெதுவாக அசைந்தது.

“ஆரஞ்சுத் தோல் போட்டு ஆறு மணி நேரம் வேகவைத்த மாட்டுக்கறிக் குழம்பு,” என்றான். நிறுத்தவில்லை. “பதினேழு டிகிரியில் பரிமாறவும்.”

அர்லெட் திரும்பி அலமாரியைப் பார்த்தாள். திரும்பி அவனைப் பார்த்தாள்.

“அத்தான், அது அவ சமையல் இல்ல. நான் எழுதினது.”

கிலெம் தொப்பியைத் தலையில் வைத்தான். மறுபடி எடுத்தான்.

“நம்ம வீட்ல சமையலே கிடையாது அர்லெட். நவம்பர்லேருந்து கிடையாது.”

“அக்காவுக்கு என்ன?”

“மார்புல கட்டி. நார்போன் ஆஸ்பத்திரியில வைத்தியம் நடக்குது. மூணு வாரத்துக்கு ஒருக்கா மருந்து ஏத்தறாங்க. நாக்கு செத்துப்போச்சு அவளுக்கு. எதை வாயில வெச்சாலும் ஆணியைச் சப்பற மாதிரி இருக்காம். நான்தான் சூப்பு காய்ச்சறேன், எனக்கு வேற என்ன தெரியும்? அதையும் பாதியில தள்ளிடறா. எலும்பா போயிட்டா.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சத்தியம் வாங்கிட்டா. ‘பாவம்னு நெனச்சு அவ ஒண்ணும் வரவேண்டாம். வரணும்னு தோணிச்சுன்னா வரட்டும்’னா. வெள்ளிக்கிழமை நான் வரலேன்னா நீ சந்தேகப்படுவே. வந்தா நீ கேப்பே. என்னத்தைச் சொல்ல? எதிர்ல எழுதியிருந்துச்சு, படிச்சேன்.” மூக்கை உறிஞ்சினான். “பாட்டில் எல்லாம் மாடிப்படிக்குக் கீழே அப்படியே இருக்கு. ஒண்ணுகூடத் திறக்கல.”

ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது. தபால்காரருக்கு, வாத்தியாருக்கு, கொல்லருக்கு. தினமும் மதியத் தூக்கத்தில் அவர்கள் வீட்டுச் சட்டிகளை எல்லாம் திறந்து பார்த்தவளுக்குத்தான் தெரியவில்லை. அர்லெட்டுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அக்கா ஒரு வாய் இறங்காமல் கிடந்த மதியங்களில், அவள் இங்கே பெட்டிமேல் உட்கார்ந்து கனவில் ஆட்டுக்கறி தின்றிருக்கிறாள். அதுவும் தானே எழுதி, தானே கேட்டு, தானே மகிழ்ந்த ஆட்டுக்கறி.

கடையை அவள் பூட்டவில்லை. கதவு ஆ என்று திறந்து கிடந்தது. மேனேஜர் வந்து பார்த்தபோது கிலெம் மட்டும் நடுக்கடையில் தொப்பியோடு நின்றிருந்தான்.

நீலக் கதவு இப்போது பச்சை. உள்ளே மேஜை ஜன்னலோரம் இல்லை, அடுப்புப் பக்கம் தள்ளிப் போட்டிருந்தது. மேஜைவிரிப்பு பிளாஸ்டிக். மாரீஸ் தலையில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புருவம் இல்லாத முகத்தை அடையாளம் காண அர்லெட்டுக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. எதிரே குழித்தட்டில் பாதிச் சூப்பு.

“கடை எரிஞ்சுபோச்சா என்ன? பட்டப்பகல்ல வந்திருக்கே,” என்றாள் மாரீஸ். குரல் மட்டும் பழைய குரல்.

“அத்தான் வாய் தவறிட்டாரு.”

“அந்த ஆளுக்குப் பொய் சொல்லவும் வராது.” தட்டைச் சற்றுத் தள்ளினாள். “பாவம் பாக்க வந்தியா?”

“சண்டை போட வந்தேன். ஆறு மாசமா என்னை முட்டாளாக்கி வெச்சிருக்கியே, உனக்கு நல்லாருக்கா?”

“நீ சொன்னதை மறந்துட்டியா? அப்பாவை நான் பொதைச்சேன்னே.”

“மறக்கல. சொல்லியிருக்கக் கூடாது. அதைச் சொல்லிட்டு ஒருநாள்கூட எனக்குச் சோறு இறங்கல, தெரியுமா?”

“பொய். நல்லாத்தான் குண்டாயிருக்கே.”

அர்லெட் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். மாரீஸ் கரண்டியால் தட்டின் விளிம்பைத் தட்டினாள்.

“ஊருக்கெல்லாம் சொல்றியே. எனக்குச் சொல்லு. ஆறிப்போன சூப்பு. உன் அத்தான் வெச்சது. அதுமேல நாக்குல ஒரு ஆணி. இதுக்கு எது பொருந்தும்?”

அர்லெட் பழக்கத்தில் முதுகுக்குப் பின்னால் திரும்பினாள். அங்கே அலமாரி இல்லை, ஜன்னல்தான் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே காற்று ஒரு துணியை ஆட்டிக்கொண்டிருந்தது. அப்பாவின் சரிவு தெரிந்தது. பாதி தளிர்விட்டு, பாதி வெறும் புல்.

எழுந்து மாடிப்படிக்குக் கீழே போனாள். இருபது இருபத்திரண்டு பாட்டில்கள் தூசியோடு வரிசையாக நின்றன. கைக்கு வந்த ஒன்றை எடுத்துத் திறந்தாள்.

சூப்பு கடைசி நாலு வாய்க்கு வரும்போது அதில் சிவப்பு ஒயினை ஊற்றி, தட்டோடு தூக்கிக் குடிப்பது இந்தப் பக்கத்து வழக்கம். அவரவர் தட்டில், அவரவர் மிச்சத்தில். இன்னொருவர் தட்டில் யாரும் செய்வதில்லை. அர்லெட் அக்காவின் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். ஆறின சூப்பில் ஒயினை ஊற்றினாள். அது கலங்கி, ஊதாவாகி, விளிம்புவரை வந்தது. இரண்டு கைகளாலும் தூக்கி, அக்கா வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்து, மடக் மடக்கென்று குடித்தாள்.

“கண்றாவி,” என்றாள், மூச்சு வாங்க. “உப்பே போடல அத்தான்.”

“ஒரு வாய்க்குத் தப்பில்லன்னு டாக்டர் சொல்லியிருக்காரு,” என்றாள் மாரீஸ். “எனக்குக் கொஞ்சம் வையேன்டி.”

தட்டைத் தங்கையின் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். கண்ணை மூடி ஒரு வாய் உறிஞ்சினாள். வாய்க்குள்ளேயே வெகுநேரம் வைத்திருந்து விழுங்கினாள்.

“ஆணிதான்,” என்றாள். ஆனால் தட்டைக் கீழே வைக்கவில்லை. மறுபடியும் சாய்த்தாள்.

அர்லெட் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு, ஒரு சொட்டும் சிந்திவிடாமல், அக்காவின் மோவாய்க்குக் கீழே தன் உள்ளங்கையைக் குவித்துப் பிடித்தாள்.